கடலிலிருந்து 80 கிலோமீட்டர் உள்ளே ஒரு துறைமுகம்: செவில்லாவும் அதன் ஆறும்

ஸ்பெயினின் தெற்கே உள்ள செவில்லா கடற்கரையில் இல்லை. அப்படியிருந்தும் 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்தோடு ஸ்பெயின் நடத்திய வணிகம் முழுவதும் அந்த ஊர் வழியாகவே சென்றதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அது எப்படி இயன்றது, இன்று அந்தத் துறைமுக அடையாளத்தில் எஞ்சியிருப்பது என்ன என்பதே கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், ஆறு அதை இயலச் செய்தது. அதே ஆறுதான் இருநூறு ஆண்டுகளில் அந்த வணிகத்தை ஊரிடமிருந்து பறித்தது. பிறகு ஊர் அந்த ஆற்றையே வெட்டித் திருப்பித் தன் துறைமுகத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இந்த மூன்றாவது பகுதியைப் பயண நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஆனால் இன்றைய செவில்லாவைப் புரிந்துகொள்ள அதுவே முதன்மையானது என்பது என் கருத்து.

முதலில் நிலத்தைப் பார்க்கலாம். குவாதல்கிவீர் ஆறு ஏறத்தாழ 657 கிலோமீட்டர் ஓடி, சான்லூக்கார் என்னும் ஊரருகே அட்லாண்டிக்கில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்திலிருந்து செவில்லா இன்றைய கணக்கில் சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வளைந்து வளைந்து ஓடிய பழைய ஆற்றில் இந்தத் தூரம் இன்னும் பல கிலோமீட்டர் அதிகம். ஆனால் நிலம் ஏறக்குறைய தட்டையானது. ஆகவே கடலின் ஓதம் செவில்லாவையும் தாண்டி, இன்று அல்கலா தெல் ரியோ அணை நிற்கும் இடம்வரை ஏறுகிறது. கடலில் நீர் ஏறும்போது ஆறு மேல்நோக்கி நகரும். வற்றும்போது கீழ்நோக்கி இழுக்கும். பாய்மரக் காலத்து மாலுமிக்கு இது பெரிய வசதி. காற்று இல்லாவிட்டாலும், ஏற்றம் வரும் நேரம் பார்த்து நங்கூரத்தை எடுத்தால் ஆறே கப்பலை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். வற்றம் தொடங்கியதும் நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். செவில்லாவுக்கு மேலே பெரிய கப்பல்கள் செல்ல இயலாது. எனவே கடற்கப்பலும் ஆற்றுப்படகும் சந்தித்துச் சரக்கை மாற்றிக்கொள்ளும் இடமாக இந்த ஊர் இயல்பாகவே அமைந்தது.

ரோமர் காலத்தில் இதன் பெயர் ஹிஸ்பாலிஸ். ஆற்றின் பெயர் பேட்டிஸ். ஊரின் இரண்டு பெரிய கால்பந்துக் கழகங்களுள் ஒன்று இன்றும் அந்தப் பழைய ஆற்றுப் பெயரைச் சுமக்கிறது. ஆற்றின் இரு கரைகளிலும் விளைந்த ஆலிவ் எண்ணெய் இங்கிருந்துதான் ரோமுக்குச் சென்றது. அதற்குச் சான்று செவில்லாவில் இருப்பதைவிட ரோமில் அதிகம். அங்கே தெஸ்தாச்சோ என்னும் பகுதியில் ஏறத்தாழ 35 மீட்டர் உயரமுள்ள குன்று ஒன்று உண்டு. அது முழுக்க முழுக்க உடைந்த எண்ணெய்ச் சாடிகளால் ஆனது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த ஆற்றோரச் சூளைகளில் சுடப்பட்டவை. உருண்டை வயிறுள்ள அந்தச் சாடி ஒவ்வொன்றும் வெறுமையாகவே சுமார் 30 கிலோ எடை. அதில் ஏறக்குறைய 70 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். சாடியின் கழுத்துக்குக் கீழே காலிச்சாடியின் எடை, எண்ணெயின் எடை, வணிகரின் பெயர், அனுப்பிய ஆண்டு ஆகியவற்றைத் தூரிகையால் எழுதியிருந்தார்கள். சுங்கக் கணக்கு இந்த ஆற்றங்கரைக்கு ஸ்பானிய அரசர்கள் கொண்டுவந்த புதுமை இல்லை என்பதற்கு அந்தக் கிறுக்கெழுத்துகளே போதும்.

ஆறு வணிகரை மட்டும் கொண்டுவரவில்லை. 844ஆம் ஆண்டு வைக்கிங் கொள்ளையர் இதே வழியாக ஏறிவந்து நகரைச் சூறையாடினார்கள். அதற்குப் பிறகுதான் கோர்தோபாவிலிருந்து ஆண்ட முஸ்லிம் அரசு இங்கே கப்பல் கட்டும் தளத்தையும் காவலையும் வலுப்படுத்தியது. 12ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொஹாத் என்னும் முஸ்லிம் ஆட்சியாளர்கள் செவில்லாவைத் தங்கள் தலைநகரங்களுள் ஒன்றாக ஆக்கினார்கள்; 1171இல் நகரையும் எதிர்க்கரையிலுள்ள திரியானாவையும் இணைக்கப் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் அமைத்தார்கள். படகுகள் பழுதாகிப் பழுதாகி மாற்றப்பட்டாலும் அதே முறையிலான பாலம் 1852இல் இரும்புப் பாலம் திறக்கப்படும்வரை, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள், அங்கேயே இருந்தது. ஐரோப்பாவின் செல்வம் கொழித்த நகரம் ஒன்று தன் பொற்காலம் முழுவதையும் ஒரு கற்பாலம்கூட இல்லாமல் கழித்தது வியப்பாகத் தோன்றலாம். ஆற்றடி மண் மிகவும் இளக்கமானது. கற்றூண் நிற்காது என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். 1220-21இல் கட்டப்பட்ட பன்னிரண்டு பக்கக் காவற்கோபுரம்தான் இன்று எல்லாப் படங்களிலும் வரும் தங்கக் கோபுரம். 1248 மே மாதத்தில் வடக்கேயிருந்து வந்த கிறிஸ்தவ அரசான காஸ்தீலியாவின் அரசருடைய கடற்படையை நடத்திய ரமோன் போனிபாஸ் கப்பல்களைக் கொண்டு மோதிப் படகுப் பாலத்தை அறுத்தார். திரியானாவிலிருந்து வந்துகொண்டிருந்த உணவு நின்றது. நவம்பரில் நகரம் பணிந்தது. நான்கு ஆண்டுகளில், 1252இல், பத்தாம் அல்ஃபோன்சோ ஆற்றங்கரையில் 17 நீண்ட கூடங்கள் கொண்ட அரசுக் கப்பற்பட்டறையைக் கட்டினார்.

இனி மையமான கேள்விக்கு வரலாம். 1503இல் அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்டினாண்டும் அமெரிக்க வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அலுவலகத்தை ஏன் காதிஸ் போன்ற கடற்கரைத் துறைமுகத்தில் வைக்காமல் இங்கே வைத்தார்கள்? கடலிலிருந்து தள்ளியிருந்ததே அதன் தகுதி. காதிஸ் ஏறக்குறைய நாற்புறமும் கடல் தொட்டுக்கொண்டிருக்கும் முனை. ஆங்கிலேயர் 1587இலும் 1596இலும் அதைத் தாக்கிக் காட்டியது அந்த அச்சம் வீண் இல்லை என்பதை மெய்ப்பித்தது. செவில்லாவுக்கு வர வேண்டுமானால் பகைவர் முதலில் முகத்துவாரத்தின் மணல்திட்டைக் கடந்து, பிறகு வழிகாட்டி இல்லாமல் ஒரு நாளுக்கு மேல் ஆற்றில் ஊர்ந்து வர வேண்டும். இன்னொன்று, சான்லூக்கார் மெதினா சிதோனியா பிரபுவின் ஆட்சிக்குட்பட்டது. செவில்லாவோ அரசருக்கு நேரடியாக உரிய நகரம். வரி எங்கே யாருடைய கைக்குப் போகும் என்பதில் அரசர்கள் எப்போதும் கவனமாகவே இருந்திருக்கிறார்கள். இவற்றோடு, கப்பலுக்கு வேண்டிய கோதுமை, திராட்சை மது, எண்ணெய் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே கிடைத்தன. கடன் கொடுக்க ஜெனோவா வணிகர்கள் ஏற்கெனவே அங்கே குடியேறியிருந்தார்கள்.

காசா தே கொன்த்ரத்தசியோன் என்ற பெயருடைய அந்த வணிக இல்லம் அல்காசர் அரண்மனையின் ஒரு பகுதியில் இயங்கியது. பொருளாளர், கணக்கர், சரக்கு அலுவலர் என மூன்று பேர் அதன் தலைமை. வெள்ளி வந்ததும் கரையிலிருந்து மாட்டுவண்டிகளில் ஏற்றி இங்கே கொண்டுவந்து, எடை போட்டு, மூன்று பூட்டுள்ள பெட்டகத்தில் வைப்பார்கள். மூன்று சாவிகளும் அந்த மூவரிடம் தனித்தனியே இருக்கும். மூவரும் சேர்ந்து நின்றாலொழியப் பெட்டகம் திறக்காது. ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று முறை ஆய்வு: காலியாக இருக்கும்போது ஒன்று, சரக்கேற்றிய பிறகு ஒன்று, சான்லூக்காரில் கடலில் இறங்கும் முன் கடைசியாக ஒன்று. மாலுமிகளுக்குத் தேர்வு நடத்தி உரிமம் கொடுத்ததும் இந்த இல்லமே. 1508இல் அதன் முதல் தலைமை வழிகாட்டியாக அமெரிகோ வெஸ்புச்சி அமர்த்தப்பட்டார். திரும்பிவரும் ஒவ்வொரு கப்பலும் தான் கண்ட கரைகளையும் திட்டுகளையும் அறிவிக்க வேண்டும். அவற்றைக்கொண்டு அரசு மூல வரைபடம் திருத்தப்பட்டுக்கொண்டே இருந்தது. அதன் நகல் வெளிநாட்டவர் கைக்குப் போகக் கூடாது.

எனக்கு இந்த அலுவலகத்தின் வெள்ளிக் கணக்கைவிட அதன் இன்னொரு முகமே ஈர்ப்புடையது. அமெரிக்கா செல்ல விரும்புகிறவர் தம் முன்னோர் யூதரோ முஸ்லிம்களோ அல்லர் என்று சாட்சிகளோடு மெய்ப்பித்து உரிமம் பெற வேண்டும். அங்கே குடியேறிய கணவர் மனைவியை வரச்சொல்லி எழுதிய கடிதத்தை, மனைவி தம் விண்ணப்பத்தோடு ஆதாரமாக இணைத்துவிடுவார். அலுவலகம் அதைத் திருப்பிக் கொடுக்காமல் கோப்பில் வைத்துவிடும். அப்படிச் சேர்ந்த நூற்றுக்கணக்கான கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன: மெக்சிகோவில் இறைச்சி மலிவு, வரும்போது இன்ன துணி எடுத்துவா, கப்பலில் இன்னாரோடு சேர்ந்து வா, இங்கே வந்தால் குறை இல்லை என்ற வகையான குடும்பப் பேச்சுகள். அங்கே இறந்துபோனவர்களின் சொத்தைப் பட்டியலிட்டு ஊரிலுள்ள வாரிசுகளுக்குச் சேர்ப்பதும் இந்த இல்லத்தின் பொறுப்பே. சட்டைகள், ஒரு கோவேறு கழுதை, வரவேண்டிய கடன் என்று நீளும் அந்தப் பட்டியல்கள், கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் செல்வந்தராகவில்லை என்பதைச் சொல்லிவிடுகின்றன.

உலகைச் சுற்றிய முதல் பயணமும் இந்த ஆற்றில்தான் தொடங்கி முடிந்தது. 1519 ஆகஸ்ட் 10 அன்று மகெல்லனின் ஐந்து கப்பல்கள் செவில்லாவை விட்டுக் கிளம்பின; சான்லூக்காரில் காத்திருந்து செப்டம்பர் 20 அன்று கடலில் இறங்கின. 1522 செப்டம்பர் 8 அன்று விக்டோரியா என்ற ஒரே கப்பல், எல்கானோவின் தலைமையில் 18 பேரோடும் கிராம்பு மூட்டைகளோடும் திரும்பி ஆற்றில் ஏறிவந்து நங்கூரமிட்டது. மறுநாள் அவர்கள் வெறுங்காலோடு, கையில் மெழுகுவத்தி ஏந்தி, திரியானாவில் இருந்த வெற்றி அன்னை ஆலயத்துக்கும் பேராலயத்துக்கும் நடந்து சென்றார்கள். பயணத்துக்கு ஆன செலவை அந்தக் கிராம்பே ஏறக்குறைய ஈடுகட்டியது.

1503 முதல் 1660 வரை பதிவாகி வந்தவை மட்டும் சுமார் 1.6 கோடி கிலோ வெள்ளியும் 1,85,000 கிலோ தங்கமும் என்று பதிவேடுகளிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். பதிவாகாமல் கைமாறியது எவ்வளவோ. வந்த வெள்ளியில் பெரும்பகுதி ஊரில் தங்கவில்லை. சட்டப்படி வணிகம் காஸ்தீலியக் குடிகளுக்கு மட்டுமே உரியது. ஆனால் கப்பலில் ஏற்றிய துணியும் இரும்புச் சாமானும் கண்ணாடியும் பெரும்பாலும் ஃபிளாண்டர்ஸ், பிரான்ஸ், இத்தாலி நாடுகளிலிருந்து வந்தவை. உள்ளூர் வணிகர் பலர் அவர்களுக்குப் பினாமிகள். அரசரின் பங்கோ கப்பல் வந்து சேரும் முன்பே வங்கியாளர்களுக்கு அடமானமாகியிருக்கும். 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் அரசு கடனைத் தீர்க்க இயலாமல் கைவிரித்தது. பேராலயத்தைச் சுற்றி இன்றும் ஜெர்மானியர் தெரு, பிராங்கர் தெரு, பியாசென்சாக்காரர் தெரு என்று பெயர்கள் இருப்பது ஊரில் வந்து தங்கிய வெளியூர் வணிகர்களின் நினைவே.

வணிகர்கள் தொடக்கத்தில் பேராலயத்தின் படிக்கட்டுகளிலேயே பேரம் பேசினார்கள். மழை வந்தால் உள்ளே நுழைந்துவிடுவார்கள். பேராயர் அரசர் இரண்டாம் ஃபிலிப்பிடம் முறையிட, பேராலயத்துக்கு எதிரிலேயே அவர்களுக்கென்று தனி மாளிகை எழுப்ப முடிவாயிற்று. எஸ்கோரியல் அரண்மனையைக் கட்டிய ஹுவான் தே எர்ரேராவின் வரைபடப்படி 1580களில் வேலை தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டடம் முழுமையானபோது வணிகம் ஏற்கெனவே நழுவத் தொடங்கியிருந்தது. 1785இல் மூன்றாம் கார்லோஸ், சிதறிக் கிடந்த அமெரிக்க ஆவணங்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து சேர்த்தார். இன்று அது இந்தியத்தீவுகள் (அமெரிக்காவை ஸ்பானியர் அப்படித்தான் அழைத்தார்கள்) ஆவணக்காப்பகம்: ஏறத்தாழ 43,000 கட்டுகள், சுமார் 8 கோடிப் பக்கங்கள். மேலே சொன்ன கடிதங்களும் அங்கேதான் இருக்கின்றன.

மதில் சுவருக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட மணற்பரப்புக்கு அரெனால் என்று பெயர். சரக்கு இறக்குவதும் கப்பல் பழுதுபார்ப்பதும் ஆள் பிடிப்பதும் அங்கேதான். எண்ணெய் வாசல், கரி வாசல் என்ற பெயர்களில் எது எந்த வழியாக உள்ளே போயிற்று என்பது பதிந்திருக்கிறது. எதிர்க்கரையிலுள்ள திரியானா மாலுமிகளும் குயவர்களும் வாழ்ந்த பகுதி. கப்பல்களில் வந்தவை வெள்ளியும் சாயமும் மட்டுமில்லை: 1573இல் ஊரின் பெரிய மருத்துவமனை ஒன்று நோயாளிகளுக்கு உருளைக்கிழங்கு வாங்கியதாகக் கணக்கில் எழுதியிருக்கிறது, ஐரோப்பாவில் அந்தக் கிழங்கைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளுள் அது ஒன்று. பேராலயப் படிக்கட்டுகளில் மனிதர்களும் விற்கப்பட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் வீட்டு வேலையிலிருந்து துறைமுகச் சுமைவேலை வரை செய்தார்கள். மேற்கு ஐரோப்பாவில் லிஸ்பனை அடுத்து அடிமைகள் மிகுதியாக இருந்த நகரம் இதுவே. பொற்காலம் என்று எழுதும்போது இந்த வரியை விட்டுவிடுவது சரியாகாது.

சரிவுக்குக் காரணம் பலவாகச் சொல்லப்பட்டாலும் அடிப்படை எளியது: கப்பல் பெரிதாயிற்று, ஆறு பெரிதாகவில்லை. நூறு இருநூறு டன் கப்பல்கள் ஏறிவந்த வழியில், 17ஆம் நூற்றாண்டின் ஐந்நூறு அறுநூறு டன் கப்பல்கள் முழுச் சரக்கோடு வர இயலவில்லை. சான்லூக்கார் மணல்திட்டில் ஓத உச்சத்தையும் காற்றின் திசையையும் சேர்த்துப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். பிசகினால் அமெரிக்காவிலிருந்து கடல் முழுவதும் தாண்டி வந்த கப்பல் கரையைப் பார்க்கும் தொலைவில் உடைந்து போகும். அப்படிப் போனவை பல. எனவே கப்பலைக் கீழேயே நிறுத்திச் சரக்கைப் படகுகளில் மாற்றுவது வழக்கமாயிற்று. மாற்றும் இடத்தில் கள்ளக்கடத்தலும் எளிதாயிற்று. வெள்ளி செவில்லாவைப் பார்க்காமலேயே வெளிநாட்டுக் கப்பல்களுக்குப் போனது. இதற்கிடையில் 1649இல் வந்த கொள்ளைநோயில் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி அழிந்தது. 1680இல் கப்பற்படைகளின் தொடக்கத் துறையாகக் காதிஸ் அறிவிக்கப்பட்டது. 1717இல் வணிக இல்லமே அங்கே மாற்றப்பட்டது. அரசு ஆணை நடைமுறைக்குப் பின்னால்தான் வந்தது.

பெரும்பாலான விவரிப்புகள் இந்த இடத்தில் திரையைப் போட்டுவிட்டு, நேரே கித்தார், ஃபிளமென்கோ, ஆரஞ்சு மரங்களுக்குத் தாவிவிடும். நகரம் அப்படி உறங்கிவிடவில்லை. அமெரிக்கப் புகையிலையைச் சுருட்டாக்கும் அரசு ஆலைக்காக 18ஆம் நூற்றாண்டில் மிகப் பெரிய கட்டடம் எழுந்தது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். 1817இல் ஸ்பெயினில் கட்டப்பட்ட முதல் நீராவிப் படகு திரியானாவுக்கும் சான்லூக்காருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. ஆரஞ்சும் கனிமமும் ஆலிவும் ஏற்றுமதியாயின; இங்கிலாந்துக்காரர்கள் காலையில் ரொட்டியில் தடவும் மார்மலேடுக்கு இந்த ஊர்த் தெருக்களில் காய்க்கும் கசப்பு ஆரஞ்சு வகைதான் இன்றும் விரும்பப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் ஆற்றில் கப்பல் வரவேண்டும். வளைவுகளை வெட்டி நேராக்கினால் பாதையும் குறையும், நீரும் வேகமாக ஓடி வண்டலைத் தானே தள்ளும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 1795இல் முதல் பெரிய வெட்டு, 1816இல் அடுத்தது, 1888இல் இன்னொன்று. கடலுக்கான வழி இப்படியே பல கிலோமீட்டர் சுருங்கியது.

20ஆம் நூற்றாண்டின் வெட்டுகள் வேறு வகையானவை, ஏனெனில் அவை ஊருக்குள்ளேயே கைவைத்தன. 1926இல் திறக்கப்பட்ட பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ கால்வாய் துறைமுகத்தைத் தெற்கே தப்லாதா பக்கம் நகர்த்தியது. ஆனால் வெள்ள அச்சம் தீரவில்லை. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் திரியானா வீடுகளில் தண்ணீர் புகும், கப்பல்கள் கட்டுத்தளர்ந்து மோதும். ஆகவே 1940களின் இறுதியில் துணிந்து ஒரு வேலை செய்தார்கள்: ஓடும் ஆற்றைத் திரியானாவுக்கு மேற்கே புதிய படுகையில் திருப்பிவிட்டு, நகரை ஒட்டிய பழைய படுகையை வடக்கே சாப்பீனா என்ற இடத்தில் மண்ணால் அடைத்து, தெற்கே கப்பல் நுழைய லாக் எனப்படும் இருகதவு மதகு வைத்தார்கள். அன்றுமுதல் தங்கக் கோபுரத்தின் அடியில் கிடக்கும் நீர் ஆறு இல்லை. அது துறைமுகத்தின் நீர்த்தொட்டி. அதில் ஓதம் ஏறாது, வெள்ளம் வராது. மட்டத்தை மதகு தீர்மானிக்கிறது. பயணிகள் குவாதல்கிவீர் என்று படம் எடுப்பது இந்த அடைபட்ட நீரைத்தான். ஊர்க்காரர்களில் இளையவர்கள் பலரும் அதை ஆறு என்றே சொல்வார்கள், அதில் தவறு காண்பதும் வீண். ஆறு அடங்கிய பிறகும் நகரின் கிழக்கே ஓடிய தமர்கியோ என்ற சிற்றோடை 1961 நவம்பரில் கரை உடைத்துப் பெரும் பகுதியை மூழ்கடித்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

நகரின் நவீன அடையாளம் இந்த நீர்ப்பொறியியலோடு பின்னியே உருவாயிற்று. இரண்டு கண்காட்சிகள் அதற்கு முகம் கொடுத்தன. 1929 மே மாதம் தொடங்கிய ஐபீரிய-அமெரிக்கக் கண்காட்சி, காலனிகளை இழந்திருந்த ஸ்பெயின் தன் பழைய உறவினரை விருந்துக்கு அழைத்ததைப் போன்றது. அனிபால் கொன்சாலெஸ் வடிவமைத்த அரைவட்ட ஸ்பெயின் சதுக்கம் அதற்காகவே கட்டப்பட்டது. லத்தீன் அமெரிக்க நாடுகள் கட்டிய மாளிகைகள் பல இன்றும் நிற்கின்றன. அர்ஜென்டீனாவின் மாளிகை நடனப் பள்ளியாகவும் பெருவின் மாளிகை அறிவியல் அருங்காட்சியகமாகவும் இருக்கின்றன. அமெரிக்காவின் வாசல் என்று ஊர் அப்போது தன்னைக் காட்டிக்கொண்டது. வணிக இல்லம் காதிஸுக்குப் போய் அதற்குள் இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

1992 கண்காட்சி கொலம்பஸ் பயணத்தின் ஐந்நூறாம் ஆண்டை ஒட்டி, கார்துஹா தீவில் ஏப்ரல் 20 முதல் அக்டோபர் 12 வரை நடந்தது. கண்டுபிடிப்புகளின் காலம் என்பது அதன் கருப்பொருள். யாருடைய கண்ணில் அது கண்டுபிடிப்பு என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் தீரவில்லை. ஆனால் நகரமைப்பு வகையில் அது செய்தது பெரிது. கார்துஹாவுக்கு மேற்கே இன்னொரு வெட்டு எடுத்து உயிருள்ள ஆற்றை இன்னும் தள்ளிவிட்டிருந்ததால்தான் அந்த நிலமே கட்டடத்துக்கு ஏற்றதாயிற்று. சாப்பீனாவின் மண்ணடைப்பு நீக்கப்பட்டு, நீர் வடக்கே சான் ஹெரோனிமோ வரை நீண்டது. கரையோரம் ஓடிய ரயில் பாதையும் அதை மறைத்த சுவரும் அகற்றப்பட்டன. நூறாண்டுக்கு மேல் தண்ணீரைப் பார்க்க இயலாமல் வாழ்ந்த வட பகுதி மக்களுக்கு முதன்முறையாகக் கரை கிடைத்தது. கட்டடக்கலைஞர் கலத்ராவாவின் அலாமியோ பாலம் உட்படப் பல புதிய பாலங்கள் எழுந்தன. மாட்ரிடிலிருந்து ஸ்பெயினின் முதல் அதிவேக ரயிலும் அதே ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. ரயில் வந்தபின் பயணிகள் கூட்டமும் வந்தது. ஊரின் இன்றைய பிழைப்பில் பெரும்பங்கு அதுவே.

எஞ்சியிருப்பது என்ன என்ற கேள்விக்கு என் விடை, ஆட்சியும் கல்வியும் இன்று துறைமுகக் காலக் கட்டடங்களில்தான் நடக்கின்றன என்பது. 1982 முதல் தன்னாட்சி பெற்ற அந்தலூசியாவின் தலைநகரம் செவில்லா. அதன் அரசுத்தலைவர் அலுவலகம் இருக்கும் சான் தெல்மோ மாளிகை, மாலுமித் தொழில் கற்ற அனாதைச் சிறுவர்களுக்காகக் கட்டப்பட்டது. உருளைக்கிழங்கு வாங்கிய அந்த மருத்துவமனையில் இன்று சட்டமன்றம் கூடுகிறது. சுருட்டு ஆலை பல்கலைக்கழகமாயிற்று. அரசுக் கப்பற்பட்டறைக்கு அந்த நற்பேறு முழுவதும் கிட்டவில்லை: 17 கூடங்களில் ஐந்து 1940களில் வரி அலுவலகம் கட்டுவதற்காக இடிக்கப்பட்டன, எஞ்சியவற்றில் ஏழுதான் முழுமையாக நிற்கின்றன. கரையிலுள்ள உப்புத் துறை என்ற இடத்தில் உப்பு இறங்கி வெகுகாலமாயிற்று. அங்கே மாலையில் மக்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அடைபட்ட நீர் அசையாமல் கிடப்பதால் துடுப்புப் படகுக்காரர்களுக்கு அது கொடை. குளிர்காலத்தில் வட ஐரோப்பிய அணிகள் பயிற்சிக்கு வருகின்றன, 2002 உலகத் துடுப்புப்படகுப் போட்டியும் இங்கேதான் நடந்தது.

உண்மையான துறைமுகம் நகரின் தெற்கே, ஐந்நூற்றாண்டுப் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. ஸ்பெயினில் கடற்கப்பல் நுழையும் ஒரே உள்நாட்டு வணிகத் துறைமுகம் அதுதான். தானியம், உரம், இரும்பு, கானரித் தீவுகளுக்கான பெட்டகச் சரக்கு என ஆண்டுக்கு நாற்பது லட்சம் டன் அளவில் கையாளப்படுகிறது. பழைய மதகு சுமார் 24 மீட்டர் அகலம்தான். ஆகவே 2010இல் 40 மீட்டர் அகலத்தில் புதிய மதகு திறந்தார்கள். மதகு பெரிதானால் போதாதே, கீழே ஆற்றின் ஆழமும் வேண்டும். ஆழப்படுத்தத் தூர்வாரினால் உப்புநீர் மேலே ஏறி நெல்வயல்களையும் தொன்யானா சதுப்புநிலத்தையும் கெடுக்கும் என்று நெல் விவசாயிகளும் சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் ஆற்றுப்படுகைத் திட்டத்திலிருந்த தூர்வாரும் பகுதியைத் தள்ளுபடி செய்தது. எனவே வழக்கமான பராமரிப்புக்குமேல் ஆறு ஆழமாகவில்லை. பெரிய சரக்குக் கப்பல்கள் இன்றும் சான்லூக்கார் அருகே ஆற்றுவழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, ஓதம் ஏறத் தொடங்கும் நேரம் பார்த்து, அதன் முதுகிலேயே மதகுவரை வருகின்றன. ஆழம் போதாவிட்டால் கொள்ளளவு நிரம்பாமல் சரக்கைக் குறைத்து ஏற்றிக்கொண்டுதான் கிளம்புகின்றன.